ஊட்டிக் குக்கரும் கடலடிக் கரும்புகையும்

(திரையில்: ஊட்டியில் ஒரு வீட்டுச் சமையலறை. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு.)

வணக்கம். முக்கால் மணி நேரமாகத் தளதளவென்று கொதிக்கிறது. ஒரு பருப்பை எடுத்து நசுக்கினால் நடுவில் இன்னும் நறுக்கென்றிருக்கிறது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் ஆவி போகும், கேஸ் தீரும், சூடு ஏறாது. "குக்கர்ல போடுன்னு அப்பவே சொன்னேனே" என்கிறார் அம்மா. சரி, குக்கர். மூடியை இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், கொதிநிலையும் 100ஐத் தாண்டும்.

(திரையில்: தொட்டபெட்டா உச்சி.)

2637 மீட்டர். இதைத் தலைகீழாகக் கடலுக்குள் இறக்குங்கள். ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான், 1977இல், பசிபிக் கடலின் கலபகோஸ் தீவுகள் அருகே ஆல்வின் நீர்மூழ்கி கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. போனவர்கள் பாறை ஆராயப் போனவர்கள். அங்கே சிப்பியும் புழுவும் கூட்டங்கூட்டமாக இருக்க, பாடம் பண்ண மருந்து போதாமல் வோட்காவில் போட்டு வைத்தார்கள்!

1979இல் மெக்சிகோவுக்கு அப்பால் கன்னங்கரேலென்று புகை கக்கும் கல் குழாய்கள் அகப்பட்டன. உள்ளே விட்ட வெப்பமானியின் பிளாஸ்டிக் உருகிவிட்டது. அந்தத் தண்ணீர் 350 டிகிரிக்கும் மேல், ஆனாலும் கொதிக்கவில்லை. மேலே இரண்டரை கிலோமீட்டர் கடல் ஏறி உட்கார்ந்திருக்கிறது; அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 250 மடங்கு. நம் குக்கர் இரண்டு மடங்கைத் தொட்டாலே விசிலடிக்கிறது.

அது புகையும் இல்லை. நடுக்கடல் மலைத்தொடரில் பூமியின் மேலோட்டுத் தட்டுகள் விலகும் இடத்தில் விரிசல் வழியே இறங்கும் கடல்நீர், கீழே சூடாகி, பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு மேலே பாய்கிறது. வெளியே தண்ணீர் 2 டிகிரி. பட்டவுடன் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து கரிய தூளாகிவிடும்.

(திரையில்: விடியற்காலை, தேயிலைத் தொழிற்சாலைப் புகை.)

இவ்வளவு பெரிய கடலில் ஊற்றைத் தேடுவது எப்படி? இந்தப் புகையைப் பாருங்கள். நேரே எழும்பி, ஓர் உயரத்தில் பள்ளத்தாக்கின் மேல் படுத்துக்கொள்கிறது. ஊற்று நீரும் சில நூறு மீட்டர் எழும்பி அப்படித்தான் பரவும். கப்பலிலிருந்து கருவியை இறக்கி ஏற்றி இழுத்துச் சென்று, எங்கே தண்ணீர் கலங்கலாகிறது, எங்கே சூடு துளி கூடுகிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் ஆளில்லா வாகனம் தரையை ஒட்டிப் போய்ப் படமெடுக்கும்.

இந்தியப் பெருங்கடலில் நம்மவர்கள் எடுத்த படம் 2024 டிசம்பரில் வெளிவந்தது. சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து செய்த வேலை. ஆழம் 4500 மீட்டர். அழுத்தம் 450 மடங்கு.