போட்ட மாத்திரை உடம்பில் ஒட்ட வேண்டுமே!

வணக்கம். இன்றைக்கு என் மாத்திரை டப்பாவை அப்படியே மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். எடை குறைக்க பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர், ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர் இருவருக்குமே இது பொருந்தும். யாருக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். எதை எப்போது போடுவது என்பதுதான் என் பேச்சு.

இந்த இரண்டையும் பாருங்கள். இது இரும்புச்சத்து, இது கால்சியம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. நடுவில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். "நான் இரும்பு மாத்திரை போடுவதில்லை, மல்டிவைட்டமின் மட்டும்தான்" என்கிறீர்களா? லேபிளைத் திருப்பிப் படியுங்கள். அதில் இரும்பு இருந்தால் அதையும் கால்சியத்தோடு சேர்க்கக் கூடாது. டீ, காபியும் இரும்பைத் தடுக்கும். வைட்டமின் சி உதவும்.

ஏன் இவ்வளவு கறார்? இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. பைபாஸில் உணவு அந்தப் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடுகிறது. ஸ்லீவ் செய்தவர்கள் "என் குடலில் கை வைக்கவில்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இரைப்பையின் பெரும்பகுதி போய்விட்டதால் அமிலம் குறைந்துவிட்டது. இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்குக் கொண்டுவர அந்த அமிலம் தேவை. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இழப்பும் சேர்ந்துகொள்வதால் இன்னும் கவனம் வேண்டும்.

கால்சியத்துக்கும் இதே அமிலக் கதைதான். கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், அதனால் உணவோடுதான் போட வேண்டும். கால்சியம் சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நமக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. ஒரு நாளைக்குப் பொதுவாக 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை சொல்வார்கள். அதை ஒரே தடவையில் போட்டால் வீண். ஒரு வேளைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் கால்சியமும் சரியாக உள்ளே போகாது.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கணக்கு உண்டு. அதற்கும் இரும்பு, கால்சியத்துக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் தைராய்டு, பகலில் கால்சியம், படுக்கும் முன் இரும்பு என்று வைத்தால் இடிக்காது.

அப்புறம் பி12. "தினமும் தேவை 2.4 மைக்ரோகிராம்தானே, ஏன் 1000 மைக்ரோகிராம் மாத்திரை?" என்று கேட்பார்கள். இரைப்பை சுரக்கும் ஒரு புரதம்தான் பி12-ஐக் கூட்டிப்போய்க் குடலில் சேர்க்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தப் புரதத்தை நம்ப முடியாது. அது இல்லாமல் தானாக ஊடுருவுவது விழுங்கியதில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். 1000 போட்டால் 10 கிடைக்கும், அது போதும். இல்லையென்றால் ஊசி. கல்லீரலில் பல வருடங்களுக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு தாமதமாகத்தான் தெரியும். கால் மரத்துப்போகும்வரை காத்திருக்காமல் வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சேமிப்பு கரைவது அதில்தான் முதலில் தெரியும்.

மென்று சாப்பிடும் ஜெல்லி மிட்டாய் வடிவ (gummy) வைட்டமின்களை நான் வாங்குவதில்லை. பெரும்பாலானவற்றில் இரும்பே இருக்காது. மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் நமக்கு ஏற்றவை அல்ல. அவை கரைவதற்குள் உறிஞ்ச வேண்டிய இடத்தைத் தாண்டிவிடலாம்.

கடைசியாக ஒன்று, வீட்டில் இருப்பவர்களும் கேளுங்கள். தயாமின், அதாவது பி1, உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். தொடர்ந்து வாந்தி எடுக்கிறவருக்கு மாத்திரையும் உள்ளே தங்காது. நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், பேச்சில் குழப்பம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போனதும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்ததைச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயாமின் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.