அம்மை போட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

வணக்கம். ஒன்றரை மாதமாக வீடியோ போடவில்லை. கிட்ட வந்து காட்டுகிறேன், நெற்றியில் தெரிகிறதா? அம்மைத் தழும்பு. 35 வயதில் எனக்குச் சின்னம்மை போட்டது.

பழைய வீடியோ பார்த்தவர்களுக்கு எனக்கு ஐ.டி.பி. இருப்பது தெரியும். அந்த நோயில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 20,000-க்கு இறங்கி, தினமும் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியை அடக்கித்தான் தட்டணுவைக் காப்பாற்றுகிறது. அம்மைக் கிருமியைத் தடுக்கவும் அதே சக்திதான் வேண்டும்.

முதலில் வந்தது வயிற்றுவலி, சுருண்டு படுக்கிற அளவுக்கு. மறுநாள் மார்பில் நாலைந்து கொப்புளம். அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, "அம்மா வந்திருக்கா, மாத்திரை எதுவும் தொடாதம்மா" என்றார். பாசத்தில் சொன்னார். நான் ஸ்டீராய்டையும் நிறுத்திவிட்டேன். அது என் தப்பு. வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமே விழுந்துவிடலாம்.

மூன்றாம் நாள் கொப்புளங்களுக்குள் நீருக்குப் பதில் ரத்தம். ஈறிலும் கசிவு. பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது, நுரையீரலுக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து, அம்மைக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தை 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றினார்கள். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அந்த மருந்தைத் தொடங்குவதுதான் நல்லது. நான் இரண்டு நாளைத் தொலைத்திருந்தேன்.

குழந்தைகளுக்கு வந்து ஒரு வாரத்தில் போகிற அம்மை வேறு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வருவது வேறு. வேப்பிலை இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் மட்டும் வேண்டாம், தட்டணு வேலையைக் கெடுக்கும்.

இன்னொன்று. எதிர்வீட்டுக் குழந்தைக்கு அம்மை என்று தெரிந்தபோதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மை வந்தவரோடு பழகிய 10 நாளுக்குள் போடுகிற எதிர்ப்புப் புரத ஊசி ஒன்று இருக்கிறது. அம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, இவ்வளவு ஸ்டீராய்டில் எனக்குப் போட முடியாது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் போடலாம். இதுவரை அம்மை வராத என் கணவர் முதல் ஊசி போட்டாயிற்று.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது 27-ஆம் நாள். அத்தைதான் மஞ்சள் கலந்து ஊற்றினார்.