நிலக்கரிச் சுரங்கத்தின் மேலே இருக்கும் நீர்: எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

(காட்சி: தேரூர் குளத்தின் கரை. பின்னணியில் வயல்கள்.)

தரைக்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வெட்டும்போது, மேலே இருக்கும் ஓடையும் சதுப்பு நிலமும் வற்றிப்போகக் கூடுமா? கூடும். அப்படி வற்றியதற்குச் சுரங்கம் காரணமா, மழை குறைந்தது காரணமா என்று பிரித்துச் சொல்வதற்கு என்னென்ன அளக்கப்படுகின்றன என்பதையும், அவற்றுள் எது இல்லாவிட்டால் மற்ற அளவுகள் எல்லாம் வீணாகும் என்பதையும் இந்த வீடியோவில் பார்ப்போம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலக்கரி இல்லை. நம் மண்ணுக்கு அடியில் இருப்பவை சார்னோகைட், கோண்டலைட் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகள். நிலக்கரியோ படிவுப் பாறைகளுக்கு நடுவே அடுக்காகக் கிடைப்பது. ஆனால் குளத்தையும் சானல் எனப்படும் பாசனக் கால்வாயையும் நம்பிக் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டுக்கு, தண்ணீர் ஏன் இறங்கியது என்ற கேள்வி புதிதன்று. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி பெற்றுவிட்ட நிலையில், அந்தக் கேள்விக்கு ஊகத்தால் அன்றி அளவுகளால் விடை சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

(காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டுப் படம். கீழே நிலக்கரி அடுக்கு, மேலே மணற்கல், உச்சியில் ஓடை.)

'லாங்வால்' எனப்படும் முறையில், நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலக்கரிப் பகுதி முழுவதையும் எந்திரம் வெட்டி எடுத்துக்கொண்டே முன்னேற, அதன் பின்னால் மேற்கூரைப் பாறை சரிந்து விழுகிறது. அந்தச் சரிவு மேல்நோக்கிப் பரவி, தரைமட்டம் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேலாகத் தாழ்கிறது. பள்ளத்தாக்கில் விளைவு வேறு: இரு பக்கச் சரிவுகளும் நெருங்கி வருவதால், ஓடையின் பாறைத்தளம் நெருக்கப்பட்டுப் பிதுங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்புக்குள் இறங்கும் நீர் சற்றுத் தொலைவு பாறைக்குள்ளேயே ஓடி, கீழே ஓரிடத்தில் வெளிவரும்போது இரும்பைக் கரைத்துக்கொண்டு வருவதால், அங்கே கற்களின் மேல் செம்மஞ்சள் படிவு படர்கிறது.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே, வொரோனோரா நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் வாரட்டா ஓடையில் இது நேர்ந்தது. அந்த ஓடை இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், லாங்வால் சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து வாழிடங்கள் மாறுவதை 2005-இல் முக்கிய அச்சுறுத்தல்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பகுதியின் மேட்டுநிலச் சதுப்புகளை 2012-இல் அழியும் நிலையில் உள்ள இயற்கைச் சமூகமாக அறிவித்தது. மணலும் மக்கிய தாவரமும் கலந்த கருமண்ணில் மழைநீரைப் பிடித்து வைத்து, வறண்ட மாதங்களிலும் ஓடைக்குக் கசியவிடுபவை அச்சதுப்புகள். அடிப்பாறை வெடித்தால் அந்த மண் காய்கிறது. காய்ந்த மண் எளிதில் தீப்பற்றும், அடுத்த பெருமழையில் அரித்துக்கொண்டும் போகும்.

(காட்சி: ஓடையின் குறுக்கே உலோகத் தகடு, நடுவில் 'வி' வடிவ வெட்டு.)

அளவீட்டுக்கு வருவோம். நம் குளங்களின் மறுகாலில் எவ்வளவு உயரத்துக்கு நீர் பாய்கிறது என்று பார்த்தே ஊரார் வரத்தைக் கணிப்பதுண்டு. அதே கணக்கைத் துல்லியமாக்கியதுதான் இந்தத் தகடு. 90 பாகை வெட்டில், அதன் அடிமுனையிலிருந்து நீர் 10 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர் பாய்கிறது. 20 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 25 லிட்டர். உயரம் இரு மடங்கானால் பாய்ச்சல் ஐந்தரை மடங்குக்கும் மேல் கூடுவதால், அளவுகோலில் ஒரு சென்டிமீட்டரைத் தவறாக வாசிப்பதும் சிறிய பிழையாகாது.

சதுப்புக்குள் துளையிட்டுப் பீசோமீட்டர் எனப்படும் நீர்மட்டம் அளக்கும் குழாய்களை இறக்கி, மணிக்கொரு முறை தானாகப் பதியும் கருவியால் நிலத்தடி நீர்மட்டத்தைக் குறிக்கிறார்கள். நீரின் அமிலத்தன்மை, மின்கடத்துத் திறன், இரும்பு, மாங்கனீசு ஆகியவை குறித்த இடைவெளிகளில் சோதிக்கப்படுகின்றன. செடிகளும் தவளைகளும் கணக்கெடுக்கப்படுகின்றன.

இவற்றுள் மிகத் தெளிவாகப் பேசுவது, மழை ஓய்ந்த பிறகு மட்டம் இறங்கும் வேகம் என்பது என் கருத்து. சிதைவில்லாத சதுப்பில் மழைக்குப் பின் ஏறிய மட்டம் பல வாரங்களில் மெல்ல இறங்கும். அடிப்பாறை வெடித்த சதுப்பிலோ அதே மழைக்கு அதே அளவு ஏறி, சில நாட்களிலேயே சரிந்துவிடும். சராசரி மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது வறட்சி போலத் தோன்றும். வரைபடத்தின் சரிவைப் பார்ப்பவருக்கு வேறுபாடு உடனே புலப்படும்.

ஆனால் "முன்பு எப்படி இறங்கியது?" என்று கேட்டால் காட்டுவதற்குப் பழைய பதிவு வேண்டும். சுரங்கம் நெருங்குவதற்கு முன்பே, ஈரமான பருவமும் வறண்ட பருவமும் அடங்குமாறு குறைந்தது இரண்டு ஆண்டுப் பதிவு இருக்க வேண்டும். சுரங்கத்தின் பாதிப்பு எட்டாத தொலைவில் அதே வகைச் சதுப்பு ஒன்றையும் அதே காலத்தில் அளந்து வர வேண்டும். இவ்விரண்டும் இல்லாதபோது, எந்தத் தரப்பும் மழையின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியும். மட்டம் எந்த அளவைத் தாண்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் திட்டமும் நடைமுறையில் உள்ளது. எனினும் எச்சரிக்கை அளவு தாண்டப்படும்போது பாறை ஏற்கெனவே வெடித்திருக்கும். பசை செலுத்தி வெடிப்பை அடைப்பது ஓடையில் ஓரளவு கைகொடுத்தாலும், சதுப்பின் அடியில் மிகக் கடினம். ஆகவே வெட்டும் பகுதியைச் சதுப்புக்கு முன்பே நிறுத்திக்கொள்வதற்கு ஈடான தீர்வு இல்லை.

(காட்சி: குளத்து மடைச் சுவரில் அடிக் கணக்கில் வண்ணமிட்ட அளவுகோல்.)

நம் மாவட்டத்தில் பாறைக் குவாரியின் பள்ளத்தில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றும்போது, அருகிலுள்ள கிணறுகளின் மட்டம் இறங்கக்கூடும். அதை நிறுவுவதற்கும் இதே முறைதான். உங்கள் ஊர்க் குளத்தையும், குவாரிக்கு எட்டாத மற்றொரு குளத்தையும் ஒரே நாளில், வாரந்தோறும் அளந்து எழுதுங்கள். அன்றைய மழையளவைச் சேர்த்துக் குறியுங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டையும் பதிவு கண்டிருக்க வேண்டும். மடை திறந்திருந்ததா, சானலில் தண்ணீர் வந்ததா என்பவற்றையும் தவறாமல் எழுதுங்கள். அந்த இரண்டு குறிப்புகள் விடுபட்டால், வயலுக்குப் பாய்ந்த நீர் எது, கசிந்து மறைந்த நீர் எது என்று பின்னால் எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.