உறைந்த இரத்தமும் ஒலியலையும்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், மண்டபம், தொண்டி விசைப்படகுகளில் ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரை அறியாதவர்கள் இந்தக் கரையில் குறைவு. அது அனுப்புகிற, காதுக்கு எட்டாத ஒலியலையின் இனத்தைச் சேர்ந்ததுதான் மருத்துவமனை அல்ட்ராசவுண்டும். பக்கவாதத்தில் மூளைக் குழாயை அடைத்துக்கொள்ளும் இரத்த உறைவைக் கரைக்க, மருந்துக்குத் துணையாக அந்த அலையைச் செலுத்திப் பார்த்த முயற்சியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

குழாய் வெடித்து வரும் பக்கவாதத்தைவிட, அடைபட்டு வருவதே அதிகம். அடைப்பைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தின் பயன் 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உறுதியாயிற்று. அறிகுறி தொடங்கியதிலிருந்து அதைக் கொடுப்பதற்கு மூன்று மணி நேரமாக இருந்த கெடு, 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரமாயிற்று. ஆனால் பெரிய குழாய் முழுவதும் அடைபட்டால் அங்கே இரத்த ஓட்டமே நின்றுவிடுவதால், மருந்து உறைவின் முகப்பைத்தான் தொடும், உள்ளே இறங்காது. ஒலியலையின் அதிர்வு, உறைவைச் சுற்றியுள்ள நீர்மத்தை அசைத்து, உறைவைப் பின்னியிருக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் இடுக்குகளுக்குள் மருந்தை இறங்கச் செய்யும் என்பதே ஆய்வாளர்களின் எண்ணம்.

2004-இல் வெளியான கிளாட்பஸ்ட் ஆய்வு நம்பிக்கையூட்டியது. 126 நோயாளிகளுக்கும் மருந்து கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் நெற்றிப்பொட்டில் 2 மெகாஹெர்ட்ஸ் கருவியை இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். அதற்குள் குழாய் முழுமையாகத் திறந்தவர்கள் அல்லது வியக்கத்தக்க அளவில் தேறியவர்கள் அவர்களில் 49 சதவீதம். மற்றவர்களில் 30 சதவீதம். இரத்தக்கசிவும் கூடவில்லை. அடுத்த ஆண்டே வேறொரு செய்தி வந்தது. எலும்பை எளிதில் ஊடுருவும் என்று, அதைவிட அதிர்வெண் மிகக் குறைந்த 300 கிலோஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்திய ஆய்வு, மூளையில் இரத்தக்கசிவு மிகுந்ததால் நிறுத்தப்பட்டது. நம் படகுக் கருவிகள் பலவும் 50, 200 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை என்பதை நினைத்தால், அதிர்வெண் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

அதோடு, முதியவர்கள் சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, பொட்டெலும்பு தடித்திருப்பதால் அலை உள்ளே போவதில்லை. அடைப்பு இருக்கும் இடத்தைக் குறிவைக்கத் தேர்ந்த கையும் வேண்டும். அந்தக் கை இல்லாத ஊர்களுக்காகத் தலையில் மாட்டும் சட்டம் ஒன்றைச் செய்து, 676 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தினார்கள். பலன் தென்படாததால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2019-இல் முடிவு வெளியானபோது, மூன்று மாதம் கழித்து நோயாளிகள் இருந்த நிலையில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. குழாய் சீக்கிரம் திறப்பது ஒன்று, மனிதர் எழுந்து நடப்பது வேறொன்று என்பதே என் கணிப்பு. இதற்கிடையே, வடிகுழாய் செலுத்திப் பெரிய உறைவை இழுத்தெடுக்கும் முறை 2015-இல் ஆய்வுகளால் உறுதிப்பட்டுவிட்டது.

ஆகவே ‘அந்த அல்ட்ராசவுண்ட் வைத்தியம் எங்கே கிடைக்கும்’ என்று தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனையை. கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொல்லாமல் கரைக்கும் மருந்தைத் தொட முடியாது. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்; மதுரை அதற்கும் அப்பால் நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்த நிலையில் புறா இரத்தம் தேய்த்துப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் போனால், அது நாலரையிலிருந்துதான் கழியும்.

கடலில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் நான்கு மணிக்குக் கை விளங்காமல், வாய் கோணி எழுந்தால், மருத்துவர் கணக்கைத் தொடங்குவது பத்து மணியிலிருந்து. எனவே அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு, வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல், வயர்லெஸில் கரைக்குச் சொல்லி, படகு அணையும்போதே 108 வண்டி துறையில் நிற்கும்படி செய்யுங்கள்.