விட்டு விட்டு வரும் முழங்கை வலி

வணக்கம் நேயர்களே. முழங்கை வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஈரத் துண்டைப் பிழிய முடிகிறதா?" என்றுதான். ஜிம்மில் அறுபது கிலோ தூக்குகிற பையன் அந்தக் கேள்விக்கே முகத்தைச் சுளிப்பான். நான் பிசியோதெரபிஸ்ட், எடையும் தூக்குகிறவன். இரண்டு வருடத்தில் மூன்று முறை எனக்கே இந்த வலி வந்து போனது. மூன்று முறையும் செய்த தப்பு ஒன்றுதான்.

முழங்கையை மடக்கித் தடவிப் பாருங்கள், இரண்டு பக்கமும் எலும்பு முண்டாக நிற்கும். வெளி முண்டில் வலித்தால் டென்னிஸ் எல்போ, உள் முண்டில் வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ. டென்னிஸ் எல்போ என்ற பெயரை நம்மூர் டீக்கடை வரை கொண்டுவந்தது 2004இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்த வலி. என்னிடம் வருகிற பலர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. உள்ளங்கை நம்மைப் பார்க்க பாரில் தொங்கி ஏறுவது, நேரான கம்பியில் பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது) போடுவது, இவையெல்லாம் உள் முண்டைப் பதம் பார்க்கும்.

தசையை எலும்போடு கட்டியிருக்கும் நார்தான் தசைநாண். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரத்தில் தேறிவிடும். தசைநாணுக்கு ரத்தம் குறைவு, தேற மாதக்கணக்கில் ஆகும். தசை "இன்னும் அஞ்சு கிலோ போடு" என்கிறது, நாமும் போடுகிறோம். பின்னால் வந்துகொண்டிருக்கும் தசைநாண் மாட்டிக்கொள்கிறது.

சரி, வலித்தால் என்ன செய்கிறோம்? இரண்டு வாரம் ஓய்வு. வலி போகிறது. மறுநாளே பழைய எடை. நான் செய்த தப்பு இதுதான். ஓய்வில் வலிதான் அடங்கியது, தசைநாணுக்குப் பலம் ஏறவில்லை, கொஞ்சம் குறைந்தும் இருக்கும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான். சில வாரம் அருமையாக இருக்கும். ஆனால் டென்னிஸ் எல்போவுக்கு ஊசி போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ. பாட்டிலைப் பிடித்தபடி முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். உள்பக்க வலிக்கு உள்ளங்கை மேலே, வெளிப்பக்க வலிக்குக் கீழே. முதல் சில நாள் மணிக்கட்டை நேராக வைத்து, முக்கால் நிமிடம் அசையாமல் பிடித்தாலே போதும், ஐந்து முறை. அப்புறம் மற்ற கையால் மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். பதினைந்து வீதம் மூன்று சுற்று. பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம். குறைந்தது மூன்று மாதம் ஆகும். முதல் மாதம் சலிப்பாகத்தான் இருக்கும்.

ஜிம்மை விட வேண்டியதில்லை. நேர் கம்பிக்குப் பதில் டம்பெல்லை, கட்டைவிரல் மேலே பார்க்கப் பிடியுங்கள். தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டுக்கு, கையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டால் பிடியின் பளு குறையும். அதை ஏமாற்று வேலை என்று சொல்லும் நண்பர் பக்கத்தில் இருப்பார், விடுங்கள்.

ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அது நரம்பு சமாச்சாரமாக இருக்கலாம், பாட்டில் வேலைக்கு ஆகாது. தூக்கும்போது 'டப்' என்று தெறித்து, முழங்கை மடிப்பில் ரத்தம் கட்டினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தேய்த்துக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். வலிக்கிற முண்டைக் கட்டைவிரலால் போட்டு நசுக்காமல் இருந்தால் சரி. நன்றி, வணக்கம்.