டியூ தேதிக்கு முன்னால் போய் நில்லுங்கள்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன அக்டோபர் மாதம், திருப்பூரில் நான் உட்காரும் கடன் ஆலோசனை மையத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அந்தம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். கையில் ஒரு மஞ்சள் பை. டியூ கார்டுகள், நகை அடகுச் சீட்டு, ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு எல்லாவற்றையும் அந்தம்மா மேசை மேல் கொட்டினார். “எதை மொதல்ல கட்டறது, எதை விடறதுன்னு நீங்களே சொல்லுங்க சார். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்க” என்றார்.

முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடன் கொடுத்திருக்கிறேன், வசூலுக்கும் போயிருக்கிறேன். அதனால் இன்றைக்குப் பேசப்போவது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வீட்டு வருமானம் திடீரென்று குறையும்போது, கடன் கொடுத்தவர்களிடம் போய்த் தவணையைக் குறைத்துக் கேட்பது எப்படி? அதுதான் விஷயம்.

அந்தக் குடும்பத்துக்கு நடந்தது உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அங்கே போகிற ஆர்டர்கள் நின்றன, தள்ளிப்போயின. ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ஷிப்ட் ஆயிற்று. அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்றார்கள். இரண்டு பேருடைய சனிக்கிழமைச் சம்பளத்தையும் சேர்த்து மாதம் 24,500 ரூபாய் வந்துகொண்டிருந்த வீட்டில் 15,000 வந்தது. கடன் தவணை மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

நவம்பர் 14-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வரியால் அடிபட்ட ஏற்றுமதியாளர்களுக்கு, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்டவேண்டிய தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. டெய்லர் அதைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்தார். “மொதலாளிக்குக் கெடச்சது எங்களுக்கும் உண்டுங்களா?” என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது. அது ஏற்றுமதி நிறுவனங்களின் கடனுக்கு. அந்தத் துணியைத் தைத்தவர் வீட்டுக் கடனுக்கு அதில் இடமில்லை. இது சரியில்லை என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆர்டர் நின்றதில் முதல் அடி விழுந்தது சனிக்கிழமைச் சம்பளத்தில்தான்.

2020-இல் கொரோனா வந்தபோது அப்படி இல்லை. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாதம், வீட்டுக் கடன், வண்டிக் கடன் என்று எல்லாருக்கும் தவணையைத் தள்ளிவைக்க வழி இருந்தது. அந்தப் பழக்கத்தில் பலரும் இப்போதும் அரசாங்கம் ஏதாவது அறிவிக்கும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்காதீர்கள். இப்போது ஒவ்வொரு வீடும் தானே போய்க் கேட்கவேண்டும். டியூ தேதிக்கு முன்னால் போய்க் கேட்பவருக்கு ஒரு மரியாதை, மூன்று டியூ தவறியபின் பிடிபடுபவருக்கு வேறு மரியாதை. வங்கிக்குள் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

தவணை தவறி 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் கணக்கில் போய் விழுகிறது. அதற்கப்புறம் உங்கள் கோப்பு கிளை மேலாளர் கையைவிட்டு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் கேட்டால், தவணையை மாற்றித் தர அவருக்கும் மனம் வரும், வழியும் இருக்கும்.

சரி, அந்த மஞ்சள் பைக்கு வருவோம். நான் முதலில் செய்தது, ஒரு கோடு போட்ட தாளை எடுத்து அந்தம்மாவையே எழுதச் சொன்னதுதான். “அம்மிணி, கடனை அப்புறம் பார்க்கலாம், முதலில் வீட்டை எழுதுங்கள்” என்றேன். லைன் வீட்டு வாடகை 3,500. அரிசி, மளிகை, பால், கேஸ் 5,500. பையன் பள்ளிக்கு 1,000. பெட்ரோல், பஸ் 700. மாமியாருக்கு மாத்திரை 600. கரண்டு, போன் 500. மொத்தம் 11,800. மாத்திரையை எழுதும்போது அந்தம்மா தயங்கினார். அதை ஒரு மாதம் விட்டுப் பார்க்கலாமா என்று நினைத்திருக்கிறார். எழுதுங்கள், அதில் கை வைக்கக்கூடாது என்றேன். வாடகை, சாப்பாடு, மருந்து, படிப்பு இந்த நாலும் போகத்தான் கடன்காரர்களுக்கு.

மீதி 3,200. அதில் நகைக் கடன் வட்டிக்கு 600 தனியாக வைத்தோம். வட்டி கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும், அதனால் அது முந்தும். வீட்டுப் பத்திரத்தையோ தையல் மெஷினையோ அடமானம் வைத்திருப்பவர்களும் அதைத்தான் முதலில் காப்பாற்றவேண்டும். போனால் திரும்ப வராத பொருள்கள் அவை.

ஆக, கையில் நிற்பது 2,600. கேட்பவர்கள் மூன்று பேர். ஒரு பைனான்ஸ் கம்பெனியின் தனிநபர் கடனுக்கு 3,615. ஒரு குழுக் கடனுக்கு 2,400. இன்னொரு குழுக் கடனுக்கு 2,150. மொத்தம் 8,165.

நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குக் கொடுத்துவிட்டு, பொறுமையாக இருப்பவரை ஏமாற்றுகிறோம். பொறுமையாக இருந்தவர் இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் அனுப்புகிறார். பங்கு பிரித்துக் கொடுங்கள். நூறு ரூபாய் கட்டவேண்டிய இடத்தில் இவர்களால் 32 ரூபாய்தான் முடிகிறது என்றால், மூன்று பேருக்கும் அதே விகிதம். பைனான்ஸுக்கு 1,150. முதல் குழுவுக்கு 765. இரண்டாவது குழுவுக்கு 685. கூட்டினால் சரியாக 2,600. இதை ஏற்றே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே தாளில் வீட்டுச் செலவும், எல்லாக் கடன்காரர்களுடைய பங்கும் தெரியும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஏமாற்று வேலை இல்லை என்று புரியும். நானே அப்படிப்பட்ட ஒரு தாளைப் பார்த்து மனம் மாறியிருக்கிறேன்.

பைனான்ஸ் கம்பெனியில் முதல் நாள், “கட்டினா முழு டியூ கட்டுங்க, இல்லாட்டி வராதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டெய்லர் முகம் தொங்கிப்போய் வந்தார். நான் அந்த 1,150-ஐக் கடன் கணக்கில் கட்டி ரசீது வாங்கச் சொன்னேன். குறைவாகக் கட்டினாலும் கட்டியது கணக்குதான். கூடவே ஒரு வேலை. டியூ தேதியில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால், அதை நிறுத்தவோ தொகையை மாற்றவோ முடியுமா என்று முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால் வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவரும் போடுவார்.

அப்புறம் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்குக் கடிதம் போட்டோம். கேட்டது தவணைக் காலத்தை நீட்டித் தருவது. அவர் வாங்கியது ஒரு லட்சம், 18 சதவீத வட்டி, 36 மாதம். பன்னிரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டியிருந்தார். பாக்கி அசல் சுமார் 72,400. அதை 24 மாதத்துக்குப் பதிலாக 48 மாதமாக நீட்டினால் தவணை 3,615-லிருந்து 2,127-க்கு இறங்கும். ஆனால் மொத்தத்தில் 15,300 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகும். இந்தக் கணக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2020-இல் தவணை தள்ளிப்போனபோது வட்டியும் தள்ளுபடி என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். தள்ளிவைப்பது வேறு, தள்ளுபடி வேறு. இருந்தாலும், இவர்கள் நிலைமையில் நீட்டிக்கத்தான் சொன்னேன். மூச்சு முட்டுகிறவருக்கு முதலில் காற்று வேண்டும். டிசம்பரில் சம்மதித்தார்கள். 2,127 என்பது 1,150-ஐவிட அதிகம்தான். டெய்லருக்குக் கோவில்வழிப் பக்கம் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை ஆல்டரேஷன் வேலை கிடைத்ததால் சமாளிக்கிறார்.

அபராதம் பற்றி ஒன்று. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. தவணை தவறியதற்குப் போடும் அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கணக்கு விவரத்தை வாங்கிப் பாருங்கள்.

குழுக் கடன் வேறு மாதிரி. அங்கே உறுத்துவது கம்பெனியைவிட, பக்கத்து வீட்டு அக்காதான். நீங்கள் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் கையிலிருந்து போட்டுக் கட்டும்படி ஆகிறது. வாரக் கூட்டத்தில் எல்லாரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். அதனால் கம்பெனிக்குப் போகும் முன்னால் குழுத் தலைவியிடமும் உறுப்பினர்களிடமும் தாளைக் காட்டிப் பேசச் சொன்னேன். அந்தம்மா அழுதுகொண்டே பேசியிருக்கிறார். கேட்ட எட்டுப் பேரில் மூன்று பேர் வீட்டிலும் இதே கதை. கடைசியில் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்டார்கள். அந்தக் கம்பெனி இரண்டு மாதம் பாதித் தவணைக்கு ஒத்துக்கொண்டது.

2022 ஏப்ரல் 1 முதல் குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் அடமானமில்லாக் கடன்தான் இது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதிதாகக் கடன் கொடுக்கக்கூடாது. கட்ட முடியாமல் தவிப்பவர்களை அடையாளம் கண்டு, அவர்களோடு பேசி, என்ன வழி இருக்கிறது என்று சொல்லவேண்டியது கம்பெனியின் கடமை. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. உறவுக்காரர்களையும் கூட வேலை பார்ப்பவர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது. குறித்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் பைக்கை நிறுத்திச் சத்தம் போடுகிறவரிடம் இதைப் பயப்படாமல் சொல்லுங்கள்.

கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. வழக்கு, நோட்டீஸ் என்று வந்தால் தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், போன் எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டியூ கட்டுவதற்காகப் புதுக் கடன் வாங்காதீர்கள். இவர்கள் என்னிடம் வந்த அன்று சாயங்காலம் ஒரு தண்டல்காரரைப் பார்க்க இருந்தார்கள். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுப்பார், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆனால் அவசரத்தில் இருப்பவருக்குச் சட்டம் நினைவுக்கு வராது, கையில் நோட்டுக் கட்டோடு நிற்கும் ஆள்தான் தெரிவார். செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களும் அப்படித்தான். கமிஷன் கொடுத்தால் கடனையே தள்ளுபடி செய்து தருகிறோம் என்று வருபவர்களையும் நம்பாதீர்கள். 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே அவர்களைப் பற்றி எச்சரித்தது.

இப்போது தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மெதுவாகச் சொல்கிறேன்.

“ஐயா, உங்களிடம் இன்ன எண்ணில் கடன் வாங்கியிருக்கிறேன். இந்த மாதம் வரை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன். வேலை நாள் குறைந்ததால் எங்கள் குடும்ப வருமானம் இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு மாதம் இவ்வளவு கட்ட முடியும், அதை இன்று முதல் கட்டுகிறேன். தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறைத்துத் தரவும், அபராதத்தை நீக்கவும் வேண்டுகிறேன். மூன்று மாதம் கழித்து என் வருமானத்தை மறுபடி தெரிவிக்கிறேன். பதிலை எழுத்தில் தரவும்.”

அவ்வளவுதான். கம்பெனிச் சம்பளச் சீட்டோ, பாஸ்புக் நகலோ கூட வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கடைசியில் ஒத்துவராமல், குறைந்த தொகைக்கு ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் ‘செட்டில்டு’, அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்த கடன் என்று பதிவாகும், அடுத்த கடனுக்கு அது குறுக்கே நிற்கும். தவணைக் காலம் நீட்டியதும் பதிவாகலாம், ஆனால் அது முழுசாகக் கட்டி முடிக்கக்கூடிய கடன்.

அந்தம்மாவின் இரண்டாவது குழுக் கம்பெனி இதுவரை ஒரு வரிகூடப் பதில் போடவில்லை. சீல் வாங்கிய பிரதி மஞ்சள் பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமையோடு 30 நாள் முடிகிறது. திங்கட்கிழமை காலையில் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன், குறைதீர்ப்பாளருக்குப் புகாரை உட்கார்ந்து எழுதப்போகிறோம். வணக்கம்.