நின்ன இடத்துலேயே 100 அடி ஏறின விமானம்! ஏட்டிஸ்ல ஒளிஞ்சிருக்கற நாலு இலக்கம்

[திரையில்: ஆல்டிமீட்டர் முகப்பு, முள் அசையாம]

கோலாலம்பூர் பக்கத்துல சுபாங் விமான நிலையத்துல ஒரு செஸ்னா 172, சின்ன விமானம், நிக்குது. காலைல 11 மணிக்கு ஆல்டிமீட்டரை, அதாவது உயரம் காட்டற கருவியை, அந்த இடத்து உயரத்துக்கு வச்சாச்சு. சுமார் 90 அடி. அப்புறம் யாரும் எஞ்சினைப் போடல, தள்ளக்கூட இல்ல. சாயந்திரம் 5 மணிக்கு வந்து பாத்தா முள் 200 அடிகிட்ட நிக்குது. கருவி பழுதில்ல. புயலும் அடிக்கல. அப்ப அந்த 110 அடி எங்கேருந்து வந்துச்சு?

வணக்கம் மக்களே. இந்தக் கேள்விக்கான பதில் நாள் முழுக்க ரேடியோவுல ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்குப் பேரு ஏட்டிஸ். விமான நிலையத்தோட காத்து, மேகம், ஓடுபாதை விவரம் எல்லாத்தையும் பதிவு பண்ணி ஒரே அலைவரிசைல திரும்பத் திரும்பப் போடுவாங்க. கட்டுப்பாட்டுக் கோபுரத்துல இருக்கறவர் வர்ற போற ஒவ்வொருத்தருக்கும் இதை ஒப்பிச்சா அவர் தொண்டை என்னாவறது? பின்னணி அவ்வளவுதான், தாண்டிடுவோம்.

எப்படிக் கேக்கறது? சின்ன விமானத்துல பெரும்பாலும் ரெண்டு ரேடியோ இருக்கும். முதல் ரேடியோ கோபுரத்துக்கு. ஏட்டிஸுக்கு ரெண்டாவது. அலைவரிசையை ஞாபகத்துலேருந்து போடாதீங்க, நடப்பு வரைபடத்தைப் பாத்துப் போடுங்க. ஸ்டாண்ட்பைல, அதாவது காத்திருக்கற எண்ணு இடத்துல, திருப்பி வச்சு, மாத்தற பட்டனை அழுத்தினா அது மேல வந்துடும். சத்தமே இல்லையா? ஸ்குவெல்ச்சை, அதாவது இரைச்சலை அடக்கற வடிகட்டியை, திறந்து பாருங்க. 'உஸ்ஸ்'னு இரைச்சல் வந்தா ரேடியோவும் ஹெட்செட்டும் நல்லாத்தான் இருக்கு, சிக்னல்தான் வரல. இரைச்சலும் வரலன்னா வால்யூம், ஹெட்செட் பிளக், ஆடியோ பேனல், இந்த வரிசைல தேடுங்க.

இங்கதான் எல்லாரும் வழுக்கற இடம். ஆடியோ பேனல்ல கேக்கற பட்டன் வேற, மைக் குமிழ் வேற. ஏட்டிஸ் கேக்கணும்னா ரெண்டாவது ரேடியோவோட கேக்கற பட்டனை மட்டும் அழுத்தணும். மைக் குமிழையும் சேத்துத் திருப்பிட்டு மறந்துட்டீங்கன்னா, "சுபாங் டவர், சுபாங் டவர்"னு நீங்க பேசறதெல்லாம் ஏட்டிஸ் அலைவரிசைலதான் போகும். பதிவு பண்ணின குரல்கிட்ட அனுமதி கேட்டா அது தருமா?

வானத்துல எவ்வளவு தூரத்துலேருந்து கேக்கும்? விமான ரேடியோ பேசற வி.எச்.எஃப். அலை நேர்கோட்டுல போற ஆளு. உங்க உயரத்தை அடியில எடுத்து, வர்க்கமூலம் கண்டுபிடிச்சு, 1.23-ஆல பெருக்குங்க. 1,500 அடிக்குச் சுமார் 48 கடல் மைல். ஆனா இது தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. பினாங்குல பத்து ஃபெரிங்கி கடற்கரை ஓரமா தாழப் பறந்து வந்தீங்கன்னா, உங்களுக்கும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் நடுவுல தீவோட மலைகள் குறுக்க நிக்கும். பினாங்குக் கொடிமலையே 833 மீட்டர். குரல் விட்டு விட்டு வந்தா ரேடியோவைத் தட்டாதீங்க. உயரம் ஏறுங்க, இல்ல மலையைச் சுத்தி வந்து கேளுங்க.

[திரையில்: முழங்கால் பலகை, பென்சில்]

இப்ப ஒரு மாதிரி ஒலிபரப்பு. நானா எழுதினது, இதை நம்பிப் பறந்துடாதீங்க!

"சுபாங் இன்ஃபர்மேஷன் சார்லி, டைம் ஜீரோ எய்ட் ஜீரோ ஜீரோ, ரன்வே ஒன் ஃபைவ், விண்ட் ஒன் செவன் ஜீரோ டிகிரீஸ் எய்ட் நாட்ஸ், விசிபிலிட்டி ஒன் ஜீரோ கிலோமீட்டர்ஸ், ஃபியூ சி.பி. ஒன் தவ்சண்ட் சிக்ஸ் ஹண்ட்ரட் ஃபீட், டெம்பரேச்சர் த்ரீ த்ரீ, டியூ பாயிண்ட் டூ ஃபோர், க்யூ.என்.எச். ஒன் ஜீரோ ஜீரோ எய்ட்."

முதல் தடவை எழுதாதீங்க, சும்மா கேளுங்க. ரெண்டாவது சுத்துல எழுதுங்க. வார்த்தை வேணாம், வரிசை மாறாம எண்ணு மட்டும்: சா, 15, 170/8, 10, சி.பி. 16, 33/24, 1008. 'சார்லி'ங்கறது C எழுத்துக்கு ரேடியோப் பேரு; ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் அடுத்த எழுத்து வரும். நேரம் உலக நேரம், 8 கூட்டிக்கணும். 0800-ன்னா நமக்குச் சாயந்திரம் 4 மணி. 'ஃபியூ'ன்னா வானத்தை எட்டாப் பிரிச்சா ஒண்ணு ரெண்டு பங்குதான் மேகம். கம்மின்னு தோணும். ஆனா கூடவே 'சி.பி.' இருக்கே, அது இடிமேகம். அந்த ரெண்டு எழுத்தைத் தவறவிட்டா மிச்சத்தை எழுதியும் புண்ணியமில்ல.

சரி, நிக்கற விமானம் எப்படி ஏறிச்சு? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் நின்னு பேசுவோம்.

கடைசியா வந்த அந்த நாலு இலக்கம், க்யூ.என்.எச்., கடல்மட்டத்துக்குக் கணக்குப் போட்ட காத்தழுத்தம். தெலுக் ஆயர் தாவார் பக்கம் கடல் வத்தினா சேறு தெரியும், அப்புறம் தண்ணி ஏறும், பாத்திருப்பீங்க. நம்ம தலைக்கு மேல காத்துக் கடலும் அதே மாதிரி ஏறி இறங்குது! தண்ணிக்கு முக்கியமா நிலா. காத்துக்குச் சூரியன். நீராவியும் ஓசோனும் வெயிலை வாங்கிச் சூடாகறதுல மொத்த வளிமண்டலமும் நாளைக்கு ரெண்டு தடவை ஆடுது. நம்ம ஊர்ல காலை 10, 11 மணிவாக்குல உச்சம். சாயந்திரம் 4, 5 மணிக்கு அடிமட்டம். ராத்திரி மறுபடி ஏறி, விடியறதுக்கு முன்னாடி மறுபடி இறங்கும். புத்தகத்துல 10 மணி, 4 மணின்னு போட்டிருந்தா அது சூரிய நேரம். 1982-ல தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினதுலேருந்து, கோலாலம்பூர்ல சூரியன் உச்சிக்கு வரவே பெரும்பாலும் மதியம் 1 மணி தாண்டிடுது.

ஆல்டிமீட்டர் அளக்கறது காத்தழுத்தத்தைத்தான்; அழுத்தம் குறைஞ்சா உயரம் ஏறிட்டோம்னு நினைச்சுக்கும். வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல்தான், அது அழுத்தத்தோட அளவு. ஆனா ஒரு ஹெக்டோபாஸ்கல் ஆல்டிமீட்டர்ல சுமார் 28 அடி. நாலுக்கு 112. வந்துடுச்சா நம்ம 110 அடி?

நின்ன விமானத்துக்கு இது வேடிக்கை. பறக்கற விமானத்துக்கு இல்ல. காலைல 1012 வச்சுக் கிளம்பினவர், சாயந்திரம் 1008 ஆனப்பவும் மாத்தாம வந்தா, முள் 1,000 அடின்னு காட்டும். அவர் இருக்கறது 890 அடில. அழுத்தம் இறங்கறப்ப பிழை தரையை நோக்கியே இழுக்குது. இன்னொண்ணு. குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் "அழுத்தம் இறங்கினா வானிலை கெடும்"னு சொல்லும். அங்க அது சரி. இங்க தினமும் மதியம் இறங்கத்தான் செய்யும். அதை வச்சு மழை வருமா வராதான்னு ஜோசியம் பாக்காதீங்க, சி.பி. இருக்கான்னு கேளுங்க.

ஏட்டிஸ் எழுத்து சாதாரணமா அரை மணி, ஒரு மணிக்கு ஒருதடவைதான் மாறும். சுமத்ரா பக்கமிருந்து விடியக்காலைல வர்ற காத்தடிப்பு அதுவரைக்கும் காத்திருக்காது. அதனால இறங்கும்போது கோபுரம் சொல்ற காத்துதான் கணக்கு. செஸ்னா 172-க்குச் சோதனைப் பறப்புல செஞ்சு காட்டின குறுக்குக்காத்து, அதாவது பக்கவாட்டுல அடிக்கற காத்து, 15 நாட், அதையும் மனசுல வைங்க. முதல் அழைப்புலயே "இன்ஃபர்மேஷன் சார்லி"ன்னு சொல்லிடுங்க. அதுக்குள்ள டெல்டா வந்திருந்தா அவங்களே சொல்லுவாங்க. எழுத்து மட்டும்தானே மாறிச்சுன்னு விடாம, முதல்ல 1008-ஐச் சரிபாருங்க.

விமானம் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. உங்க ஃபோன்ல அழுத்தமானி இருந்தா, அதே மாடில அதே மேசைல வச்சு, காலை 11 மணிக்கு ஒரு எண்ணு, சாயந்திரம் 5 மணிக்கு ஒரு எண்ணு. ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க. நடுவுல லிஃப்ட்ல ஏறி ஏமாத்தக்கூடாது!